உத்தரமேரூர்க் கல்வெட்டும் பணியாளர் ஒழுக்கமும்

முதற் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில் (கி.பி. 919, 921) உத்தரமேரூர்ச் சபையார் வகுத்த விதிகளைக் குடவோலை முறைக்காகவே பலரும் எடுத்துக்காட்டுவர். வெங்கையா 1904-05ஆம் ஆண்டுத் தொல்லியல் அறிக்கையில் அவற்றை ஆராய்ந்து வெளியிட்ட நாள்முதல் பேச்சு பெரும்பாலும் தேர்தலைப் பற்றியதே. ஆயின் பொறுப்பேற்பவனின் அகவொழுக்கத்திற்கும் அவன் பணிக்கும் உள்ள தொடர்பைச் சபையார் எவ்வாறு கருதினர் என்பதும் அவ்விதிகளிலேயே புலனாகும்.

கி.பி. 921ஆம் ஆண்டு விதிப்படி, வாரியத்திற்கு உரியவன் 35 வயதிற்கு மேல் 70 வயதிற்குட்பட்டவன். பொருளிலும் உள்ளத்திலும் தூய்மையுடையவன். உள்ளத் தூய்மையை அளப்பது யாங்ஙனம்? சபையார் செயலையே அளவுகோலாகக் கொண்டனர். முன்னர் வாரியம் செய்து கணக்குக் காட்டாதவன் விலக்கப்பட்டான். அவனொடு தந்தை, மகன், மாமன், மருமகன், உடன்பிறந்தாளை மணந்தவன் எனச் சுற்றமும் விலக்கப்பட்டது. ஒருவன் குற்றத்திற்கு அவன் மருமகனை விலக்குதல் இன்றைய நீதிக்கு ஒவ்வாது. எனினும் சுற்றத்தின் கண்காணிப்பையே பொதுப்பொருளுக்குக் காவலாக்கிய சூழ்ச்சி அதனுள் உண்டு என்பது எம் கருத்து.

இதனினும் நுட்பமானது கழுவாய் பற்றிய விதி. தகாதன உண்டவரும் ஊர்க்குத் தீங்கிழைத்தவரும் கழுவாய் செய்து தூயராயினும், உயிருள்ளளவும் அவர்தம் பெயர் குடவோலையில் எழுதப்படலாகாது. சமயம் ஏற்றுக்கொண்டவனையும் சபை ஏற்கவில்லை. சடங்கால் வரும் தூய்மை வேறு, பிறர் பொருளைக் கையாளும் தகுதி வேறு என்னும் தெளிவு பத்தாம் நூற்றாண்டு அந்தணர் ஊரொன்றில் எழுந்தமை வியப்பிற்குரியது.

கணக்கனுக்கும் தனி விதி உண்டு. நேர்மையாக ஈட்டுபவனே கணக்கெழுதற்குரியன். தன் கணக்கைப் பெருமக்களிடம் காட்டித் தூயன் எனப்பட்ட பின்னரே அவன் மீண்டும் அவ்வேலை பெறலாம். தான் எழுதியதைத் தானே காட்டல் வேண்டும். வேறொருவன் புகுந்து முடித்தல் கூடாது. இவ்விதி கள்வனைத் தடுப்பதோடு நில்லாது, நேர்மையான கணக்கனைப் பிறர் பழியினின்றும் காக்கிறது. தீயோர் கெட்டு நல்லோர் வளர்தலே இவ்வமைப்பின் நோக்கம் எனக் கல்வெட்டே கூறுதலின், பணியாளர் நலம் கருதப்படவில்லை என்றல் பொருந்தாது.

அந்நலம் யாவர்க்கும் உரியதன்று. கால்வேலி இறைநிலமும் தன் மனையில் வீடும் உடையார்க்கே குடவோலை உரியது. வேதம் வல்லார்க்கு நில அளவு மட்டும் குறைக்கப்பட்டது. ஏரிவாரியத்தார் அறுவரின் தகுதியை இத்துணை விரித்த விதிகள், ஏரியில் மண் சுமந்தோரைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை.