சூரியனும் ஷேர் மார்க்கெட்டும்

பழைய வீழ்ச்சிகளின் வருஷங்களை ஒரு தாளில் வரிசையாக எழுதி, இடைவெளிகளைக் கூட்டி வகுத்து, ஷேர் மார்க்கெட் அடுத்தபடி எந்த வருஷம் விழும் என்று சொல்லிவிடுகிறவர்கள் இன்று நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஸ்டான்லி ஜெவன்ஸின் நினைவு வரும். இந்தக் கூட்டத்துக்கே மூத்தவர் அவர். மூளையோ இவர்களுடையதைவிட எவ்வளவோ பெரியது.

1835-ல் லிவர்பூலில் ஓர் இரும்பு வியாபாரியின் வீட்டில் பிறந்தவர். 1847-ல் ரயில்வே மோகம் தணிந்து இங்கிலாந்தில் பெரிய பண நெருக்கடி உண்டாயிற்று. அந்த அலையில் மறு வருஷம் அவர்கள் கம்பெனியும் முழுகிற்று. பையனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. நன்றாக வாழ்ந்த குடும்பம் ஏன் திடீரென்று நொடிக்கிறது என்ற கேள்வி பிறகு அவரை விடவே இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகள் ஏறக்குறையப் பதினொரு வருஷத்துக்கு ஒருமுறை பெருகிக் குறைகின்றன என்று வான சாஸ்திரிகள் கண்டிருந்தார்கள். இங்கிலாந்தின் பழைய தானிய விலைகளிலும் அதே சுற்று இருப்பதாக ஜெவன்ஸ் 1875-ல் சொன்னார். ஆனால் 1825, 1836, 1847, 1857, 1866 என்று வந்த வியாபார நெருக்கடிகளுக்குப் பதினொரு வருஷம் பொருந்தவில்லை, கணக்கு உதைத்தது. பிறகு ஒரு விஞ்ஞானி, புள்ளிகளின் சுற்று 10.45 வருஷமே என்று எழுதினார். ஜெவன்ஸுக்கு உற்சாகம் தாங்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் எங்கெங்கே நெருக்கடி குறைகிறதோ, அங்கெல்லாம் ஒன்றைத் தேட ஆரம்பித்தார். பலனைச் சொல்லிவிட்டு, அதற்கு ஏற்றபடி பிறந்த நேரத்தைத் திருத்துகிற ஜோசியர்களை நாம் பார்த்ததில்லையா?

சரி, சூரியனுக்கும் ஆங்கிலேயப் பாங்கிக்கும் என்ன சம்பந்தம்? இங்கேதான் நம் ஊர் வருகிறது. சூரியன் மாறினால் இந்தியாவில் மழை பொய்க்கும், தானிய விலை ஏறும், வயிற்றுக்கே போதாத குடியானவன் துணி வாங்க மாட்டான், லங்காஷயரில் துணி தேங்கும், பாங்கி முறியும். 1878 அக்டோபரில் கிளாஸ்கோ நகர பாங்கி முறிந்தபோது அவருக்குச் சந்தேகமே போய்விட்டது.

அந்த மழை பொய்த்த வருஷங்களைத்தான் நம் பாட்டிமார்கள் தாது வருஷப் பஞ்சம் என்றார்கள். 1876 முதல் 1878 வரை ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டதாகக் கணக்கு. ஹண்டர் என்ற அதிகாரி சென்னையின் மழைக் குறிப்புகளை வைத்து, தென்னிந்தியப் பஞ்சத்துக்கும் சூரியப் புள்ளிக்கும் 1877-ல் முடிச்சுப் போட்டார். அதே வருஷந்தான் சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலையில் கல் உடைக்கிறவனுக்கு நாளுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தார். சென்னையின் சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ் இது உயிர் தங்கப் போதாது என்று சண்டை போட்டார். துறைமுகங்களிலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது. சூரியனைக் கமிஷன் வைத்து விசாரிக்க முடியாது. அது சர்க்காருக்கு எவ்வளவு சௌகரியம்! ஜெவன்ஸின் எண்ணம் அதுவல்ல. என்றாலும் அவருடைய சங்கிலியில் செத்தவன், துணி வாங்காதவனாக மட்டுமே வருகிறான். இதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

10.45 நிற்கவில்லை, சராசரி பதினொன்று என்பதே நிலைத்தது. 1929-ல் நியூயார்க் மார்க்கெட் சரிந்தபோது சூரியனில் புள்ளிகளுக்குக் குறைவே இல்லை. அதையெல்லாம் பார்க்க ஜெவன்ஸ் இருக்கவில்லை. 1882-ல், நாற்பத்தாறாவது வயதில், கடலில் குளிக்கப் போனவர் மூழ்கி இறந்தார். மகன் ஹெர்பர்ட் 1910-ல் அதே சூரியனைப் பற்றி, அதே வியாபாரத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். சில வருஷங்களில் அலகாபாத் சர்வகலாசாலைக்குப் பொருளாதாரப் பேராசிரியராக வந்து சேர்ந்தார்.