காட்டுக்குப் போனவர்கள்

எங்கள் பக்கம் புதிதாக வருகிற வெளியூர்க்காரர்கள் ஒரு தடவையாவது திகைத்துப் போவார்கள். "வீட்டுல யாரும் இல்லீங்களா?" என்று கேட்டால், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆத்தா "எல்லாருங் காட்டுக்குப் போயிருக்கறாங்கொ, வந்துருவாங்கொ, உக்காருங்" என்பார். கேட்டவர் மனதில் புலியும் யானையும் வரும். ஆத்தா சொன்னது சோளம் விதைத்த நாலு ஏக்கர் நிலத்தை.

கொங்கு நாட்டில் கிணற்றுத் தண்ணீர் பாய்ந்தால் தோட்டம், வாய்க்கால் தண்ணீரில் நெல் விளைந்தால் வயல், வானத்தைப் பார்த்துக் கிடந்தால் காடு. சோளக்காடு, கடலைக்காடு, மேட்டாங்காடு, செங்காடு என்று பயிரும் மேடும் மண்ணும் முன்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். பத்திரத்தில் இருக்கும் 'புன்செய்' என்ற சொல்லை யாரும் வாயால் சொல்லிக் கேட்டதில்லை. மரமடர்ந்த சரிவுக்கு மலை என்றோ வனம் என்றோ பெயர். மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டியில் பவானிக் கரையில் இருப்பவள் வனபத்ரகாளி.

இதைக் கொச்சை வழக்கு என்று தள்ள முடியாது. பழைய இலக்கணத்தில் முல்லைத் திணையின் நிலமே காடுதான். அங்கே மக்கள் செய்வதாகச் சொல்லப்படும் வேலைகளைப் பாருங்கள்: வரகு விதைப்பது, களை எடுப்பது, ஆடுமாடு மேய்ப்பது. தினையும் தேனும் குறிஞ்சிக்கு. அதாவது உழுது மேய்த்து வாழும் மேட்டுநிலம் என்கிற பொருள் கொங்கில் புதிதாக முளைத்ததல்ல, விடாமல் காப்பாற்றி வைத்திருப்பது. கன்னடத்திலும் மலையாளத்திலும் இச்சொல் மரங்களின் பக்கம் நகர்ந்துவிட்டது. தெலுங்கில் அது பிணம் சேர்க்கும் இடம். நம் சுடுகாடும் இடுகாடும் அதற்குப் பக்கத்திலேயே நிற்கின்றன. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், காடு என்பதற்கு அடிப்படை மரம் அல்ல, 'குடியிருப்பைத் தாண்டிய நிலம்' என்பதே என் எண்ணம். தாண்டியிருந்தாலும் மனிதர் நடமாடுகிற நிலம்.

காங்கேயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கம் போனால் கொறங்காட்டைப் பார்க்கலாம். உழுவதற்கு மழை போதாத நிலத்தைப் புல்லுக்கே விட்டுவைத்த ஏற்பாடு அது. சுற்றிலும் முள்ளுக்கிளுவை உயிர்வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரங்கள். சித்திரை வெயிலில் புல் கருகித் தரையோடு தரையாகும்போது, வேலங்காய் முற்றிக் கீழே உதிரும். செம்மறிகள் தலை நிமிராமல் அதைப் பொறுக்கித் தின்னும். தின்ற விதை புழுக்கையோடு விழுந்து அடுத்த மழைக்கு முளைக்கும். ஒரு துண்டில் மேயும்போது பக்கத்துத் துண்டின் படலைச் சாத்தி வைப்பார்கள். காங்கேயம் மாடு இந்த வேலிக்குள் வளர்ந்த மாடு. இதைவிட நல்ல நில நிர்வாகத்தை நான் பார்த்ததில்லை.

மலை ஏறினால் கொத்துக்காடு. ஆனைகட்டி, சிறுவாணிச் சரிவுகளில் இருளர்கள் ஏர் பூட்டாமல், கைக்கொத்தால் மண்ணைக் கிளறி விதைத்த நிலம். புதரை வெட்டிக் காயவிட்டு எரித்து, முதல் மழைக்கு ராகி, சாமை, துவரை, அவரை, கடுகு, கீரை என்று ஒரே நிலத்தில் கலந்து போடுவார்கள். ஒவ்வொன்றாக முற்ற, ஒவ்வொன்றாக அறுப்பார்கள். ஏர் ஏறினால் அந்தச் சரிவில் மேல்மண் மழையோடு இறங்கிவிடும். கொத்து அந்த அளவுக்குத் தொடுவதில்லை. சில வருடம் கழித்து அந்த இடத்தைப் புதருக்கு விட்டுவிட்டு வேறு இடம் போவார்கள். 1800இல் மைசூர், கோவைச் சீமைகளைச் சுற்றிவந்த பிரான்சிஸ் புக்கானன், மலைமக்கள் கலப்பையில்லாமல் கொத்திப் பயிரிடுவதைக் குறித்துவைத்தார். அது 1807இல் நூலாக வந்தது.

பிறகு வந்தது காப்புக்காடு. 1882இன் சென்னை வனச் சட்டம் எல்லை கட்டி ஒதுக்கிய நிலத்துக்குத் தமிழில் கிடைத்த பெயர். ஃபாரஸ்ட் என்ற சொல்லுக்கு லத்தீனில் 'வெளியே' என்பது வேர் என்பார்கள். அரசன் வேட்டையாட, ஊராரை வெளியே நிறுத்திய நிலம். அந்தப் பொருள் நம் சொல்லுக்குள் வந்து குடியேறியது. நேற்றுவரை போய்வரும் இடமாக இருந்த காடு, நுழைந்தால் குற்றமாகும் இடமானது. இடம் மாற வழியில்லாத கொத்துக்காடு ஒரே துண்டில் முடங்கியது. புதருக்கு ஓய்வு கொடுக்கும் வருடங்கள் போனதும் விளைச்சல் இளைத்தது. அதைப் பார்த்துவிட்டு, கொத்துக்காடே மண்ணைக் கெடுக்கும் என்று சொன்னவர்கள் உண்டு. காரணத்தை விட்டுவிட்டு விளைவைப் பழித்தது பெரிய அநியாயம்.

2006இன் வன உரிமைச் சட்டம் அதை ஓரளவு திருத்தப் பார்த்தது. 13.12.2005க்கு முன்பே நிலத்தை அனுபவித்துவந்த பழங்குடிக் குடும்பத்துக்கு 4 ஹெக்டேர் வரை உரிமை தரலாம் என்கிறது. சட்டத்தின் பெயரில் வனம்தான் இருக்கிறது, காடு இல்லை.

கோவை நகருக்குள் மில்கள் எழுந்த காட்டூரில் இன்று சோளத்தட்டு ஒன்றுகூட இல்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. போன வாரம் அம்மாவைப் போனில் கூப்பிட்டேன். காற்றும் ஆட்டு மணியும் சேர்ந்து கேட்டன. "காட்டுல இருக்கறங் கண்ணு, வேலங்கா உழுந்து கெடக்குது, ஆட்ட உட்டுட்டு அப்பறம் பேசறன்" என்று வைத்துவிட்டார்.