திருவல்லிக்கேணியின் காத்திப்கள்

தொழுகையில் உள்ளம் ஒருமுகப்படுவதை 'குஷூ' என்கிறோம். தனிமையும் அமைதியும் வாய்த்தால்தான் அது கைகூடும் என எண்ணி, வீட்டின் இரைச்சலையும் கைபேசியையும் குறைகூறுவது நம்மில் பலருக்கு வழக்கமாகிவிட்டது. மயிலாப்பூருக்கு வடக்கே, திருவல்லிக்கேணியில், வாலாஜா பள்ளிவாசலை அடுத்து நடந்த ஒரு தொழிலின் வரலாறு இவ்வெண்ணத்தை மறுக்கிறது.

1927ஆம் ஆண்டு சையத் அஸ்மத்துல்லாஹ் 'தி முசல்மான்' எனும் உருது மாலை நாளிதழை நிறுவினார். அவ்வாண்டு மதராஸில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்த டாக்டர் முக்தார் அஹ்மத் அன்சாரி அதனைத் தொடங்கிவைத்தார். இதழுக்கு நான்கு பக்கங்கள். அவற்றைக் காத்திப்கள், அதாவது எழுத்துக்கலைஞர்கள், பேனாவும் மையும் கொண்டு கையால் எழுதினர். ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 3 மணி நேரம் ஆகும். எழுதியதைப் படமெடுத்துத் தகடாக்கி அச்சிட்டனர்.

உருதுவுக்குரிய நஸ்தஅலீக் எழுத்து நேர்கோட்டில் நில்லாது. வலமேலிருந்து இடக்கீழாகச் சரியும்; அண்டை எழுத்துக்கேற்ப ஒவ்வோர் எழுத்தும் உருமாறும். ஆதலால் ஈய அச்சுக்கு அது எளிதில் வசப்படவில்லை. எழுத்தின் அளவுகோலோ பேனா முனை பதிக்கும் புள்ளிதான். இத்தனை புள்ளி உயரம், இத்தனை புள்ளி வளைவு என வகுக்கும் முறையைப் பாக்தாதின் அமைச்சர் இப்னு முக்லா (மறைவு 940) நிறுவியதாகக் கூறுவர். கண் அந்தப் புள்ளியை அளந்துகொண்டிருக்கையில் மனம் வேறெங்கு போக இயலும்?

காத்திப்கள் அமர்ந்திருந்ததோ சிறியதோர் அலுவலகம். வருவோரும் போவோரும் ஓயவில்லை. செய்தி தாமதமாக வரலாம் என்பதற்காக முதற்பக்கத்தில் ஒரு மூலை கடைசிவரை வெறுமையாக விடப்பட்டது. பெரும்பிழை நேர்ந்தால் பக்கத்தையே மீண்டும் எழுத வேண்டியிருக்கும். நேரமோ குறுகியது, பிழைக்கு விலையும் உண்டு. இந்த நெருக்கடியே அவர்களுக்குக் கவனத்தைத் தந்தது என்பது எங்கள் கருத்து. 1258இல் மங்கோலியர் பாக்தாதைச் சூறையாடியபோது, யாகூத் அல்முஸ்தஃஸிமி மினாராவில் ஏறி எழுத்துப்பயிற்சியைத் தொடர்ந்தார் என்றொரு கதை உண்டு. அது உண்மையோ புனைவோ, காத்திப்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருவது.

'உருது நமது தாய்மொழியன்று, இது நமக்கெதற்கு?' எனச் சிலர் கேட்கலாம். அரபு எழுத்தில் தமிழ் எழுதி அரபுத்தமிழ் வளர்த்த நம் முன்னோர் அப்படிக் கேட்டிருக்கமாட்டார்கள்.

1981இல் பாகிஸ்தானின் மிர்ஸா அஹ்மத் ஜமீல் நூரி நஸ்தஅலீக் எனும் கணினி எழுத்துருவை ஆக்கியபின், உருது இதழ்கள் ஒவ்வொன்றாகப் பேனாவைக் கைவிட்டன. நிறுவனரின் மகன் சையத் ஃபஸ்லுல்லாஹ் 2008இல் மறையும்வரை கையெழுத்திலேயே இதழை நடத்தினார். அவருக்குப்பின் அவர் மகன் ஆரிஃபுல்லாஹ் பொறுப்பேற்றார். அந்நாளில் ஒரு பக்கம் எழுதுவதற்குக் காத்திபுக்குக் கிடைத்த கூலி 60 ரூபாய் அளவே. கற்றுக்கொள்ள இளையோர் வராததில் வியப்பில்லை.