உடம்பு வணங்காதது யார் குற்றம்?

"அவங்க பரம்பரையே அப்படித்தான், உடம்பு வணங்காது" என்று நம் ஊர்களில் சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். ஓடியாடித் திரிவதும் உட்கார்ந்தே கிடப்பதும் பிறவியிலேயே வருமா?

ஓரளவு வரும் என்கிறது அறிவியல். 2006-ம் ஆண்டு 7 நாடுகளைச் சேர்ந்த 37,051 ஜோடி இரட்டையர்களின் உடற்பயிற்சிப் பழக்கத்தை ஒப்பிட்ட ஆய்வு வெளிவந்தது. நார்வே ஆண்களைத் தவிர்த்துப் பார்த்தால், ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தில் 48 முதல் 71 சதவீதம் வரை மரபணுவின் பங்கு என்று அதில் தெரிந்தது. ஆனால் அது ஓய்வு நேரத்தில் செய்யும் உடற்பயிற்சியின் கணக்கு. பிழைப்புக்காகச் செய்யும் வேலை அதில் சேராது.

பிழைப்பைப் பற்றிய ஆய்வு ஒன்று நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. மேற்கு வங்கத்துச் சணல் ஆலை ஒன்றில் 213 ஆண்களை ஆராய்ந்து, ழான் மேயர் குழுவினர் 1956-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். மூட்டை தூக்குபவர்கள் நன்றாகச் சாப்பிட்டும் ஒல்லியாக இருந்தார்கள். உட்கார்ந்தே வேலை பார்த்தவர்களும் அவர்கள் அளவுக்குச் சாப்பிட்டார்கள், ஆனால் எடை கூடியிருந்தது. அங்கே ஒருவர் எவ்வளவு அசைந்தார் என்பதை முடிவு செய்தது அவர் பார்த்த வேலை.

அதே 1956-ம் ஆண்டு நவம்பர் 14-ல்தான் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவானது. 1957-ல் சுரங்க வேலை தொடங்கியது. 1961-ல் நிலக்கரி கண்ணில் பட்டது. பிறகு சுரங்கம் வளர வளர, சுற்றியுள்ள கிராமங்களின் நிலங்கள் கைமாறின.

சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்தில் இருக்கும் வளையமாதேவியும் அதில் ஒன்று. 2023 ஜூலை 26 அன்று, இரண்டாம் சுரங்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பிவிடும் கால்வாய்க்கு, மேல் வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயல்களில் இயந்திரங்கள் இறங்கின. நிலம் பல வருடங்களுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது என்றது நிறுவனம். விளைந்து வரும் பயிரை அழிக்கலாமா என்று கேட்டார்கள் விவசாயிகள்.

உழவு, நாற்று நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று வயல் இருக்கும்வரை உடம்பு தானாக அசையும். வயல் போனால் அந்த அசைவும் போகும். இரண்டு தலைமுறையில் ஓர் ஊரின் மரபணு மாறிவிடாது, ஆனால் வேலை மாறிவிடும். 2014-ல் வெளியான ஐசிஎம்ஆர் - இந்தியாப் ஆய்வில், தமிழ்நாடு உட்பட 4 பகுதிகளின் கிராமத்தாரிலேயே பாதிப் பேர் போதிய உடலசைவு இல்லாதவர்கள் என்று தெரிந்தது. நகரத்தில் இது 65 சதவீதம்.

ஒரே வயலில் ஒரு பயிர் உயர்ந்தும் இன்னொன்று குட்டையாகவும் இருந்தால் விதையைச் சொல்லலாம். தண்ணீர் நின்று வயல் முழுவதும் வாடினால் விதையைக் குறை சொல்ல முடியுமா? மரபணுக் கணக்கும் அப்படித்தான். ஒரே சூழலில் வாழ்பவர்களுக்குள் இருக்கும் வித்தியாசத்தை மட்டுமே அது சொல்லும். ஊரே உட்கார்ந்துவிட்டால் அதற்கான காரணத்தை ரத்தத்தில் தேடிப் பயனில்லை. அந்த ஊரின் நிலத்துக்கும் வேலைக்கும் என்ன நடந்தது என்றுதான் கேட்க வேண்டும்.