கடைசி இடத்தில் நின்ற சாம்பியன்: 1916 விக்டோரியக் கால்பந்துப் பருவமும் ஆட்டம் தொழிலான வரலாறும்

1916 செப்டம்பர் 2, சனிக்கிழமை. மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில் 21,130 பேர் பார்த்திருக்க, ஃபிட்ஸ்ராய் அணி கார்ல்டனைத் தோற்கடித்து விக்டோரியக் கால்பந்து லீக்கின் பட்டத்தை வென்றது. ஃபிட்ஸ்ராய்க்கு 12 கோல், 13 பிஹைண்ட், மொத்தம் 85 புள்ளி. கார்ல்டனுக்கு 8 கோல், 8 பிஹைண்ட், மொத்தம் 56. ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தில் இரு முனைகளிலும் நான்கு நான்கு கம்பங்கள் நிற்கும். நடுக் கம்பங்களுக்கிடையே பந்தை உதைத்தால் கோல், அதற்கு 6 புள்ளி. பக்கத்து இடைவெளியில் போனால் பிஹைண்ட், அதற்கு 1 புள்ளி. அன்று 29 புள்ளி வித்தியாசத்தில் வென்ற இதே ஃபிட்ஸ்ராய், அதற்கு முன் நடந்த 12 சுற்றுகளில் இரண்டே ஆட்டங்களை வென்று, 9 ஆட்டங்களைத் தோற்று, ஒன்றைச் சமன் செய்து, புள்ளிப் பட்டியலின் அடியில் கிடந்தது. கடைசியில் வரும் அணிக்கு அங்கே ‘மரக்கரண்டி’ என்று கேலிப்பட்டம் உண்டு. மரக்கரண்டியையும் சாம்பியன் பட்டத்தையும் ஒரே பருவத்தில் பெற்ற அணி அந்த லீக்கின் வரலாறு முழுவதிலும் இது ஒன்றுதான். வினாடிவினாக்காரர்களுக்கு உகந்த செய்தி; அதனாலேயே 1916ஆம் ஆண்டைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இந்த வேடிக்கையோடு முடிந்துவிடுகிறது. அந்த ஆண்டு ஆடியவை மொத்தமே நான்கு அணிகள். நான்கும் இறுதிச் சுற்றுக்குப் போவது முதல் நாளே உறுதி. யாரும் வெளியேறப் போவதில்லை என்றால், முதல் உலகப்போரில் நாட்டின் இளைஞர்கள் பிரான்சில் மடிந்துகொண்டிருந்த குளிர்காலத்தில் 12 வாரம் எதற்காக ஆடினார்கள்? கால்பந்து அதற்குள் ஒரு தொழிலாகிவிட்டது, அறவுரையால் நிறுத்த முடியாத அளவுக்கு மக்களின் வாரவாழ்வில் வேர்விட்டுவிட்டது என்பதே விடை என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

இதன் தொடக்கம் 1911இல். அதுவரை ஆட்டக்காரர்களுக்குப் பணம் கொடுப்பது விதிப்படி குற்றம். நடைமுறையில் மறைவாகக் கைமாறிக்கொண்டுதான் இருந்தது. அந்த ஆண்டு லீக் தடையை நீக்கியது. அதன் விளைவை அளக்க 1908இல் சேர்ந்த இரண்டு புதிய அணிகளை ஒப்பிட்டாலே போதும். ஒன்று ரிச்மண்ட், தொழிற்சாலைகளும் நெருக்கமான சிறு வீடுகளும் நிறைந்த புறநகரின் அணி. மற்றொன்று மெல்பர்ன் பல்கலைக்கழகத்தின் அணி. மாணவர்களும் பட்டதாரிகளும் காசு வாங்காமல் ஆடியது. ஊதியம் சட்டபூர்வமான பிறகு பல்கலைக்கழக அணி எழுந்திருக்கவே இல்லை. தொடர்ந்து 51 ஆட்டங்களைத் தோற்று, 1914 முடிவில் லீக்கைவிட்டே விலகியது. ஆகவே போர் வந்து தொழில்முறை ஆட்டத்தையும் அமெச்சூர் ஆட்டத்தையும் பிரித்தது என்று சொல்வது முழு உண்மையாகாது. பிளவு ஏற்கெனவே விழுந்திருந்தது. போர் அதை எல்லாருக்கும் தெரியும்படி திறந்து காட்டியது. 1916இல் ரிச்மண்ட் களத்தில் இருந்தது, உடன் சேர்ந்த பல்கலைக்கழக அணி இல்லாமலே போயிருந்தது.

1915 ஏப்ரல் 25இல் ஆஸ்திரேலியப் படைகள் கலிப்பொலியில் இறங்கின. லீக்கில் ஆடிய ஆலன் கோர்ட்னர், ரூபர்ட் பால்ஃப் போன்றவர்கள் அந்த முதல் நாளிலேயே உயிரிழந்தார்கள். காயம்பட்டோர், மாண்டோர் பட்டியல்கள் வீடு வந்து சேரத் தொடங்கியதும், வலுவான இளைஞர்கள் பந்து விளையாடுவதும் ஆயிரக்கணக்கானோர் அதைப் பார்த்துக் கைதட்டுவதும் வெட்கக்கேடு என்ற குரல் உயர்ந்தது. போர் உணர்வு சீருடை வரைக்கும் பாய்ந்தது. சிவப்பு, வெள்ளை, கறுப்பு என்ற தன் நிறங்கள் ஜெர்மன் பேரரசின் நிறங்களாக இருப்பதைக் கண்ட செயின்ட் கில்டா அணி, 1915இல் வெள்ளையை எடுத்துவிட்டு மஞ்சளைச் சேர்த்து நேச நாடான பெல்ஜியத்தின் நிறங்களை அணிந்துகொண்டது. அடுத்த ஆண்டு அது ஆடவே இல்லை. எஸ்ஸண்டன், ஜீலாங், மெல்பர்ன், சவுத் மெல்பர்ன் அணிகளும் ஒதுங்கின. போட்டி அமைப்பான விக்டோரியக் கால்பந்துச் சங்கம் 1916, 1917 இரண்டு ஆண்டும் தன் ஆட்டங்களை நிறுத்தியது. தென் ஆஸ்திரேலியாவின் முதன்மை லீக் 1916 முதல் 1918 வரை கதவடைத்தது. மிஞ்சியவை கார்ல்டன், ஃபிட்ஸ்ராய், காலிங்வுட், ரிச்மண்ட்.

ஏன் இந்த நான்கு என்பதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் வர்க்கம். போர்க்கால ஆஸ்திரேலியச் சமூகத்தை ஆராய்ந்த மைக்கேல் மெக்கெர்னன், நடுத்தர வர்க்கத்தார் விளையாட்டை ஆண்மைக்கும் கடமைக்குமான பயிற்சியாகக் கண்டார்கள், தொழிலாளர்கள் அதைப் பொழுதுபோக்காகவும் பிழைப்பாகவும் கண்டார்கள் என்று காட்டியிருக்கிறார். பயிற்சி என்று கொள்பவருக்கு, போர் வந்ததும் ஆட்டத்தின் வேலை முடிந்தது. இனி களம் வேறு. வாரம் முழுக்க உழைத்துச் சனிக்கிழமை பிற்பகலுக்குக் காத்திருப்பவருக்கு அப்படி எதுவும் முடியவில்லை. சிட்னியிலும் இதே கோடு தெரிகிறது: காசு வாங்காத ரக்பி யூனியன் நின்றது, காசு கொடுத்த ரக்பி லீக் போர்க்காலம் முழுவதும் நடந்தது. இருந்தாலும் இந்த விளக்கத்தை அப்படியே ஏற்க முடியாதபடி ஒரு முள் இருக்கிறது. சவுத் மெல்பர்னும் உழைப்பாளிகளின் புறநகர்தான். அந்த அணி விலகியது. சங்கத்தில் ஆடிவந்த ஃபுட்ஸ்கிரேயும் நார்த் மெல்பர்னும் பணக்காரப் பகுதிகள் அல்ல; சங்கம் மொத்தமாகவே நின்றது. வர்க்கம் ஒன்றே காரணமென்றால் இவையும் ஆடியிருக்க வேண்டும்.

வரைபடத்தை விரித்தால் இன்னொரு காரணம் தென்படுகிறது. நான்கு புறநகர்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பவை. கார்ல்டனுக்கும் ஃபிட்ஸ்ராய்க்கும் நடுவே நிக்கல்சன் தெரு. ஃபிட்ஸ்ராய்க்கும் காலிங்வுட்டுக்கும் நடுவே ஸ்மித் தெரு. காலிங்வுட்டின் தெற்கு எல்லையான விக்டோரியா தெருவைத் தாண்டினால் ரிச்மண்ட். ஒரு மைதானத்திலிருந்து மற்றொன்றுக்கு ரசிகன் நடந்தே போய்விடலாம். பகை அணியின் ஆதரவாளர்கள் ஒரே பட்டறையில் பக்கத்துப் பக்கத்து மேசையில் வேலை செய்தவர்கள். பயணச் செலவு இல்லை, கூட்டத்துக்குக் குறைவில்லை. வாசல் வசூலை நம்பி ஓடும் தொழிலுக்கு இதைவிடச் சிக்கனமான வட்டம் அமையாது. வர்க்கம் ஆடுவதற்கான மனநிலையைக் கொடுத்தது. அண்மை அதை நடத்திக் காட்டும் வசதியைக் கொடுத்தது என்று பிரித்துச் சொல்வதே பொருத்தம். சவுத் மெல்பர்ன் ஓராண்டு மட்டுமே ஒதுங்கியிருந்து 1917இலேயே ஜீலாங்கோடு திரும்பிவிட்டது என்பதையும் மறந்துவிடக் கூடாது. கொள்கைக்காக விலகிய அணி, போர் உச்சத்தில் இருக்கும்போதே அவ்வளவு சீக்கிரம் மனம் மாறுவதில்லை.

அட்டவணையின் கணக்கும் இதையே சொல்கிறது. நான்கு அணி, 12 சுற்று என்றால் ஒவ்வொன்றும் மற்ற மூன்றோடு தலா நான்கு முறை மோதவேண்டும். கார்ல்டன் 10 ஆட்டங்களை வென்று முதலிடம்; காலிங்வுட் 6 வெற்றியும் ஒரு சமனும்; ரிச்மண்ட் 5 வெற்றி; அதற்கும் கீழே ஃபிட்ஸ்ராய். அப்போதிருந்த முறைப்படி முதல் நான்கு அணிகள் அரையிறுதிக்குப் போகும்: முதலாவது மூன்றாவதோடு, இரண்டாவது நான்காவதோடு. அதன்பின் வென்ற இரண்டும் மோதும். இதில் பட்டியலின் முதல் அணிக்கு ஒரு சலுகை உண்டு. இடையில் தோற்றாலும் ‘மீண்டும் ஒருமுறை ஆடவேண்டும்’ என்று அறைகூவும் உரிமை அதற்கு இருந்தது. ஆக, 24 ஆட்டங்களும் சேர்ந்து தீர்மானித்தது, இந்தச் சலுகை யாருக்கு, யார் யாரோடு மோதுவது என்ற இரண்டை மட்டுமே. போட்டியின் நோக்கில் பார்த்தால் வீண் நீட்சி. வாசலில் நின்று காசு வாங்குபவரின் நோக்கில் பார்த்தால் ஒரு சுற்றும் வீணல்ல. ஆட்டத்தின் தேவைக்கேற்பப் பருவம் அமையாமல், வாராவாரம் வரும் கூட்டத்தின் பழக்கத்துக்கேற்ப அமைந்தது இங்கே வெட்டவெளிச்சமாகிறது.

இங்கே எழக்கூடிய வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 1916இல் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கிடையாது. செலவு போக மிஞ்சியது போர் நிவாரண நிதிகளுக்கு என்றே ஏற்பாடு. சம்பளமே இல்லாத பருவத்தைத் தொழில்முறையின் சான்றாகக் காட்டுவது எப்படி? தொழில் என்பதைக் கூலியோடு மட்டும் கட்டிப்போடுவதால் வரும் சந்தேகம் இது. ஆட்டக்காரனின் கூலி ஓராண்டு நின்றாலும் மைதானம், வாயிற்கதவு, நிர்வாகிகள், கட்டணம் கொடுக்கும் உறுப்பினர்கள், பக்கம் நிரப்பும் செய்தித்தாள்கள் எல்லாம் நின்ற இடத்திலேயே நின்றன. கடையை ஓராண்டு மூடினால் வாடிக்கை வேறு தெருவுக்குப் போய்விடும் என்பதை வணிகனுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ‘செலவு போக’ என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். ஆட்டத்தை விட்டுக்கொடுக்காமல் ஊதியத்தை மட்டும் விட்டுக்கொடுத்தது, மரத்தைக் காப்பாற்றக் கிளையை வெட்டிய செயல். நாட்டுப்பற்றே முதல் நோக்கமாக இருந்திருந்தால், நிதி திரட்ட ஒன்றிரண்டு காட்சி ஆட்டங்கள் போதுமே. புள்ளிப் பட்டியலும் பட்டமும் எதற்கு?

ஆடியவர்கள் படையில் சேராமல் தப்பித்தார்கள், ஆட்டமே ஆள்சேர்ப்பைக் கெடுத்தது என்பது அக்காலத்தின் பெரிய குற்றச்சாட்டு. எண்கள் அதற்குத் துணை நிற்கவில்லை. போர்க்காலம் முழுவதிலும் மிக அதிகமானோர் படையில் சேர்ந்த மாதம் 1915 ஜூலை. அந்த ஒரு மாதத்தில் 36,575 பேர். அப்போது ஒன்பது அணிகளும் ஆடிக்கொண்டிருந்தன. ஐந்து அணிகள் ஆட்டத்தைக் கைவிட்டு, பிற லீக்குகளும் மூடப்பட்ட 1916 நடுப்பகுதியில் சேர்ப்பு மாதம் 6,000 சொச்சமாகச் சரிந்துகிடந்தது. கலிப்பொலி, பிறகு பிரான்சின் போர்க்களங்களான ஃப்ரொமெல், பொசியெர் என்று நீண்ட மரணப் பட்டியல்கள் அந்தச் சரிவுக்குக் காரணமாக இருந்திருக்கும். கால்பந்துக்கு அதில் பங்கிருந்ததாக நிறுவ வழியில்லை. குதிரைப் பந்தயம் மட்டும் எப்படித் தப்பியது என்பதையும் கேட்கலாம். மெல்பர்ன் கோப்பை போரின் ஓர் ஆண்டிலும் தவறவில்லை. பந்தயக் குதிரைகளை வைத்திருந்தவர்கள் ஆட்சியாளர்களோடு உணவருந்துபவர்கள். 1916 அக்டோபரில் விக்டோரியாவின் மதுக்கடைகளை மாலை 6 மணிக்கே மூடும் சட்டமும் வந்தது. தியாகம் கேட்கப்பட்ட இன்பங்கள் யாருடையவை என்று தொழிலாளி கணக்குப் பார்த்திருந்தால் அவனைக் குறைசொல்ல முடியாது. ரிச்மண்ட் கிளப்பின் தலைவர் ஃபிராங்க் டியூடர் அப்போது கூட்டரசின் அமைச்சர். இறுதிப் போட்டி முடிந்து 12 நாள் கழித்து, கட்டாயப் படைச்சேர்ப்பை எதிர்த்துப் பதவியைத் துறந்தார். சில வாரங்களில் லேபர் கட்சியின் தலைமையே அவரிடம் வந்தது. ஆட்டத்தைத் தொடர்வதா என்ற கேள்வியும் அக்டோபர் 28 அன்று நாடு வாக்களித்து நிராகரித்த கட்டாயச் சேர்ப்புக் கேள்வியும் ஒரே தெருக்களில் பேசப்பட்டவை. அதே அக்டோபர் 28இல் லண்டன் குயின்ஸ் கிளப் மைதானத்தில், வேல்ஸ் இளவரசர் பார்த்திருக்க, ஆஸ்திரேலியப் படைவீரர்கள் இரண்டு அணிகளாகப் பிரிந்து இதே கால்பந்தை ஆடினார்கள். வென்ற மூன்றாம் டிவிஷன் அணிக்குத் தலைவர் சவுத் மெல்பர்னின் புரூஸ் ஸ்லாஸ். 1917 ஜனவரியில் பிரான்சில் கொல்லப்பட்டார். மெல்பர்னில் ஆடினால் துரோகம், லண்டனில் சீருடைக்காரர் ஆடினால் பெருமை.

ஃபிட்ஸ்ராயின் பட்டம் வெறும் குருட்டு அதிர்ஷ்டம், ஆகவே அந்தப் பருவத்துக்கு மதிப்பில்லை என்பாரும் உண்டு. 1913இன் சாம்பியன் ஃபிட்ஸ்ராய். 1917 இறுதிப் போட்டியிலும் ஆடி காலிங்வுட்டிடம் தோற்றது. இடையில் ஒரு மோசமான குளிர்காலம், அவ்வளவே. அரையிறுதியில் காலிங்வுட்டை வென்று, அடுத்ததில் கார்ல்டனை வென்று, கார்ல்டன் தன் உரிமைப்படி அறைகூவியபோது மீண்டும் வென்றது. முதலிடத்து அணியை அடுத்தடுத்து இரண்டு முறை வீழ்த்தியதை அதிர்ஷ்டம் என்று தள்ளுவது சிரமம். கூட்டம் மெலிந்திருந்தது உண்மை. 1913 இறுதிக்கு ஏறத்தாழ 60,000 பேர் வந்திருந்தார்கள். ஆனால் இத்தனை கண்டனத்தையும் மீறி 21,000 பேர் கட்டணம் கொடுத்து வந்தார்கள் என்பதே நிர்வாகிகள் அன்று எண்ணிப் பார்த்த எண்ணாக இருக்கும்.

1918இல் எஸ்ஸண்டனும் செயின்ட் கில்டாவும், 1919இல் மெல்பர்னும் திரும்பின. ஆடுவதா வேண்டாமா என்ற பழைய வாக்குவாதம் அதே வீச்சில் மறுபடி எழவில்லை. 1930இல் ஓர் ஆட்டத்துக்கு 3 பவுண்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று வந்த கூல்டர் சட்டம், எவ்வளவு கொடுக்கலாம் என்பதைத்தான் விவாதித்தது. கொடுக்கலாமா என்பதை அல்ல. இரண்டாம் உலகப்போரில் ஜீலாங் மட்டும் 1942, 1943 பருவங்களில் ஒதுங்கியது, லீக் ஓர் ஆண்டும் நிற்கவில்லை. 1944இன் பட்டம் மறுபடி ஃபிட்ஸ்ராய்க்கே. அதன் எட்டாவது, கடைசிப் பட்டம். பின்னர் தொலைக்காட்சி உரிமையும் நாடளாவிய சந்தையும் வந்தபோது, நடந்து போகும் தூரத்திலிருந்த ரசிகர்களை நம்பி வாழ்ந்த கிளப்புக்குக் கடன்தான் மிஞ்சியது. ஃபிட்ஸ்ராய் தன் கடைசி ஆட்டத்தை மெல்பர்னிலிருந்து வெகுதொலைவில், மேற்கே பெர்த் நகரின் சுபியாகோ மைதானத்தில் ஃப்ரீமேண்டிலுக்கு எதிராக ஆடித் தோற்று, பிரிஸ்பேன் அணியோடு இணைக்கப்பட்டது. அந்த நாள் 1996 செப்டம்பர் 1. மரக்கரண்டியோடு பட்டம் வென்ற அந்தச் சனிக்கிழமைக்கு 80 ஆண்டு நிறைய ஒரு நாள் குறைவு.