ஒரே பிளாட்பாரத்தில் இரண்டு வெளிநாடுகள்

போன மாதம் என் பேரன் ஐரோப்பா போய் வந்தான். இரண்டு வாரத்தில் ஐந்து நாடுகள், எல்லாம் ரயிலிலேயே. "ஒரு நாட்டில் ஏறி இன்னொரு நாட்டில் இறங்குகிறார்கள் தாத்தா, நம்ம ஊரில் இதை நினைத்துப் பார்க்க முடியுமா?" என்று கேட்டான். "நம்ம ஊர்க்காரர்கள் இதை நூறு வருஷத்துக்கு முன்னாலேயே செய்தவர்கள்" என்றேன். கிழவன் கதை விடுகிறான் என்று நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது. அவனுக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். என் வயதுக்காரர்களுக்குப் பாதி தெரிந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காஞ்சிபுரத்துக்கு ரயில் வந்தது 1865-ல். இந்தியன் டிராம்வே கம்பெனி அரக்கோணத்திலிருந்து ஒரு குறுகிய பாதை போட்டது. பிறகு அது தென்னிந்திய ரயில்வேயோடு சேர்ந்து, மீட்டர் கேஜாக மாறி, செங்கல்பட்டு வரை நீண்டது. செங்கல்பட்டு போய்ச் சேர்ந்துவிட்டால் தெற்கே போகும் எந்த வண்டியையும் பிடிக்கலாம். அந்தப் பிளாட்பாரத்தில் நின்ற நம்ம ஊர்க்காரருக்கு இரண்டு வெளிநாடுகள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. விழுப்புரத்தில் இறங்கி வண்டி மாறினால் பிரான்ஸ். மாறாமல் இராமேசுவரம் பக்கம் போனால் சிலோன்.

பிரான்ஸ் என்றால் புதுச்சேரிதான். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு 1879-ல் ரயில் ஓட ஆரம்பித்தது. சின்னபாபுசமுத்திரம் ஸ்டேஷன் வரை பிரிட்டிஷ் இந்தியா. அடுத்த வில்லியனூரில் பிரெஞ்சுக் கொடி. 1908-ல் வாரண்டுக்குத் தப்பிப் பாரதியார் போனது இந்தப் பிரெஞ்சு மண்ணுக்குத்தான். நாற்பது கிலோமீட்டர்கூட இல்லாத பாதை, ஆனால் அந்தப் பக்கம் போய்விட்டால் பிரிட்டிஷ் போலீஸ் கை வைக்க முடியாது.

என் தாய்வழித் தாத்தா பட்டுச் சேலை வியாபாரம் செய்தவர். சேலை மூட்டையோடு புதுச்சேரிக்கும் போவார், கொழும்புச் செட்டியார் தெருவுக்கும் போவார். இரண்டில் எது கஷ்டம் என்று சிறுவனாக இருந்தபோது கேட்டிருக்கிறேன். "புதுச்சேரிதாண்டா" என்பார். 1941-ல் பிரெஞ்சு இந்தியாவோடு ஒரு சுங்க ஒப்பந்தம் வந்து கெடுபிடி குறைந்திருந்தது. 1949-ல் அந்த ஒப்பந்தம் முடிந்துபோனது. இந்தப் பக்கம் மதுவிலக்கு வேறு. புதுச்சேரியிலிருந்து திரும்பும் ஒவ்வொரு மூட்டையையும் அவிழ்த்து உதறி, உள்ளே பாட்டில் இருக்கிறதா, கைக்கடிகாரம் இருக்கிறதா என்று பார்ப்பார்களாம். விற்காமல் திரும்பக் கொண்டுவரும் சேலைகளின் மடிப்பெல்லாம் கலைந்துபோகும். வீட்டுக்கு வந்து பாட்டி உட்கார்ந்து திரும்ப மடிப்பார்.

கொழும்புக்கு அப்படியில்லை. 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்தார்கள். அதற்கு முன் தூத்துக்குடி போய்க் கப்பல் ஏற வேண்டும். வ.உ.சி. கப்பல் விட்டது அந்த வழியில்தான். பாலம் வந்த பிறகு எழும்பூரில் ஏறினால் தனுஷ்கோடி வரை ரயில், அங்கே நீராவிக் கப்பல், ஏறத்தாழ 22 மைல் கடல், எதிர்க்கரையில் தலைமன்னார், மறுபடி ரயில், காலையில் கொழும்பு கோட்டை. முழுவதுக்கும் ஒரே டிக்கெட். போட் மெயில் என்ற பெயர் அப்படி வந்ததுதான். தாத்தா முதலில் போன காலத்தில் பாஸ்போர்ட்டும் கிடையாது, விசாவும் கிடையாது.

ஆனால் அதே வழியில் போன எல்லோருக்கும் அது சுகமான பயணமாக இருக்கவில்லை. தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலிக் குடும்பங்களை மண்டபம் முகாமில் இறக்கி, நோய் இருக்கிறதா என்று சோதித்து, சில நாட்கள் அடைத்து வைத்துத்தான் அனுப்பினார்கள். தாத்தா போன்றவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. அவர் இதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிடும்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். 1954 நவம்பர் 1-ஆம் தேதி புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படி முழுதாகச் சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16-ல். அந்த இடைக்காலத்தில்தான் என்னைப் புதுச்சேரியில் மாமா வீட்டில் விட்டுப் பிரெஞ்சுப் பள்ளியில் சேர்த்தார்கள். விடுமுறைக்குக் காஞ்சிபுரம் வரும்போது விழுப்புரத்தில் வண்டி மாறுவேன். யாரும் பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை. தாத்தாவின் வெளிநாடு எனக்கு வெறும் பள்ளிக்கூட ஊராகிவிட்டது. பிரெஞ்சில் 'எத்ரான்ஜே' என்று ஒரு சொல் உண்டு. வெளிநாட்டானுக்கும் அதுதான், முன்பின் தெரியாத அந்நியனுக்கும் அதுதான். நம் தமிழில் இரண்டும் வேறு வேறு. அந்த வித்தியாசம் எனக்கு உறைத்தது ரொம்ப நாள் கழித்து, சிலோன் ரயிலில்.

1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் வண்டி பயணிகளோடு கடலுக்குப் போனது, நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பாம்பன் பாலத்தை ஸ்ரீதரன் என்ற இளம் என்ஜினியர் 46 நாளில் சீர்செய்தார். தனுஷ்கோடிப் பாதையை மட்டும் யாரும் திரும்பப் போடவில்லை. பிறகு இராமேசுவரத்திலிருந்தே 'ராமானுஜம்' என்ற கப்பல் தலைமன்னாருக்கு ஓடியது.

1979-ல், வேலையில் சேர்ந்து சில வருஷம் கழித்து, தாத்தா போன வழியைப் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பினேன். எனக்குப் பாஸ்போர்ட்டும் விசாவும் தேவைப்பட்டன. தலைமன்னாரில் ரயில் பெட்டிக்குள் ஏறியதும் முதலில் கண்ணில் பட்டது அதன் அகலம். அங்கே அகலப் பாதை, நம்முடையது அப்போது மீட்டர் கேஜ். ஸ்டேஷன் பலகைகளில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் இருந்தன. கொழும்பு பார்த்தேன், கண்டி பார்த்தேன், பிறகு பதுளை வண்டியில் மலை ஏறினேன். 1924-ல் பதுளை வரை முடித்த பாதை அது. பட்டிப்பொல ஸ்டேஷன் ஆறாயிரம் அடிக்கு மேல். இரண்டு பக்கமும் பாய் விரித்தது போல் தேயிலை. ஜன்னலை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தேன், அசல் டூரிஸ்டு மாதிரி.

ஹட்டனில் ஒரு குடும்பம் ஏறியது. புருஷன், மனைவி, இரண்டு பிள்ளைகள், ஒரு கிழவி. என் பேச்சைக் கேட்டதும் அந்த அம்மாள், "ஐயா இந்தியாவா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நாங்களும் அங்கதான் போகப்போறோம். பேர் வந்திருச்சு" என்றார். எந்த ஊர் என்று கேட்டேன். புருஷன் கிழவியைப் பார்த்தார். கிழவி, "திருச்சிப் பக்கம்னு எங்க அப்பாரு சொல்லுவாரு" என்றார். அந்த ஐந்து பேரில் ஒருவர்கூட இந்தியாவைப் பார்த்ததில்லை. "அங்க குளிருமாய்யா? தேயிலை இருக்குமா?" என்று அந்த அம்மாள் கேட்டார். எனக்குப் பதில் சொல்ல நா எழவில்லை. திருச்சி வெயிலைப் பற்றி என்ன சொல்வது?

1948-ல் சிலோன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைப் பங்கு பிரித்தது. இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று. அதற்கு இரண்டு மாதத்துக்குள்தான் புயல். போகும்போது கூலிகளை அடைத்த அதே மண்டபம் முகாம், திரும்பி வந்தவர்களைத் தங்க வைக்கும் இடமானது.

நான் திரும்பிய கப்பலிலும் அப்படிச் சில குடும்பங்கள் இருந்தன. தகரப் பெட்டி, அம்மிக்கல், தையல் மெஷின், சாமி படம். இராமேசுவரத்தில் என் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தி ஐந்து நிமிஷத்தில் அனுப்பிவிட்டார்கள். அவர்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் வெளிநாட்டுக்குச் சுற்றுலா போய் வீடு திரும்பியவன். அவர்கள் 'தாயகம் திரும்பியோர்'. அரசாங்கக் காகிதத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. நானும் அரசாங்கக் காகிதம் எழுதிப் பிழைத்தவன். அந்தச் சொல்லை எழுதிய எழுத்தர் அந்தக் கிழவியைப் பார்த்திருந்தால் கை கொஞ்சம் தயங்கியிருக்கும் என்று இன்றும் நினைப்பேன்.

1980-களின் நடுவில் கலவரமும் போரும் முற்றிக் கப்பல் நின்றது. 1990-ல் தலைமன்னார் ரயிலும் நின்றது. இந்திய உதவியோடு அந்தப் பாதையைத் திரும்பப் போட்டு 2015 மார்ச்சில் மறுபடி வண்டி விட்டார்கள். நம் பக்கம் 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்தாயிற்று. 2023-ல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் வந்தது. இராமேசுவரத்தில் இந்தப் பக்கம் தண்டவாளம், தலைமன்னாரில் அந்தப் பக்கம் தண்டவாளம். நடுவில் ஓடிய கப்பல்தான் திரும்பி வரவில்லை. சென்னையிலிருந்து இராமேசுவரம் போகும் வண்டியைப் பழையவர்கள் இன்னும் போட் மெயில் என்றுதான் சொல்கிறோம்.

பேரன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தக் குடும்பம் என்ன ஆச்சு தாத்தா?" என்றான். தெரியாது. நான் பெயர்கூடக் கேட்கவில்லை. இறங்கும்போது அந்த அம்மாள் கொடுத்த தேயிலைப் பொட்டலத்தை மட்டும் வாங்கிக்கொண்டேன். ஊருக்கு வந்து என் மனைவி அதில் டீ போட்டபோது வீடெல்லாம் மணந்தது.

போட் மெயிலில் கொழும்பு போன பெரியவர்கள் யார் வீட்டிலாவது இருந்தால், அவர்களை உட்கார வைத்துக் கேட்டு எழுதி வையுங்கள். இனி கேட்க ஆள் இருக்க மாட்டார்கள்.