இறுகிப்போன ஒட்சிசன் சென்சர்: உடைக்காமல் கழற்றுவது எப்படி?

பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் மொரிஸ் மைனரும் ஒஸ்டின் கேம்பிரிட்ஜும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்டார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தக் கார்களில் ஒட்சிசன் சென்சர் கிடையாது. 1976இல் போஷ் நிறுவனம் தயாரித்து வொல்வோ கார்களில் முதலில் பொருத்தப்பட்ட இந்தப் பாகம், இன்று நாம் ஓட்டும் ஜப்பான் ரீகண்டிஷன் பெற்றோல் கார்களில் இருக்கிறது.

எரிந்து வெளியேறும் புகையில் எவ்வளவு ஒட்சிசன் மிஞ்சியிருக்கிறது என்பதை எஞ்சின் கம்பியூட்டருக்கு அது சொல்கிறது. அதை வைத்தே கம்பியூட்டர் பெற்றோலைக் கூட்டிக் குறைக்கிறது. சென்சர் பழுதானால் பெற்றோல் வீணாகலாம், கட்டலிட்டிக் கொன்வேர்ட்டர் கெடலாம், புகைப் பரிசோதனையிலும் வாகனம் தவறலாம். புகைச் சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது. 2022இல் கியூஆர் முறையில் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று வாங்கியவர்களுக்கு ஒரு லீற்றரின் அருமையைச் சொல்லத் தேவையில்லை.

2020 மார்ச்சில் வந்த இறக்குமதித் தடை தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் நீங்கியது. அதனால் பழைய கார்களையே பலர் இன்னும் ஓட்டுகிறார்கள். பத்து, பதினைந்து வருடங்களாகக் கழற்றாத சென்சர், சூட்டிலும் துருவிலும் புரியோடு ஒட்டிவிடுகிறது. கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று இதை மோசமாக்கும். கண்டியில் தொடங்கும் ஏ9 வீதியால் யாழ்ப்பாணத்துக்கு ஹயர் ஓடுபவருக்கு கார்தான் சோறு. அவசரப்பட்டுப் புரியை உடைத்தால், சென்சரோடு முடியவேண்டிய செலவு மெனிபோல்ட் வரை போகும். கட்டுகஸ்தோட்டைப் பக்கத்துக் கராஜ்களில் இந்த வேலையைப் பார்த்திருக்கிறேன். நல்ல மெக்கானிக்குகள் பலத்தைவிடப் பொறுமையையே நம்புகிறார்கள்.

முதலில் ஸ்கேனர் போட்டுப் பாருங்கள். சில வேளை சென்சர் நன்றாக இருக்கும், வயர்தான் அறுந்திருக்கும். சென்சர்தான் பழுது என்று உறுதியானால் மட்டும் கழற்றுங்கள்.

கண்டி மேடும் பள்ளமுமான ஊர். சரிவில் வாகனத்தை உயர்த்தவே கூடாது. சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் வையுங்கள்.

எஞ்சின் ஆறியதும், புரி தொடங்கும் இடத்தில் துரு இளக்கும் ஒயிலை அடித்து ஓர் இரவு ஊறவிடுங்கள். அது தீப்பற்றக்கூடியது, கொதிக்கும் குழாயில் அடிக்காதீர்கள். மறுநாள் திறந்த வெளியில் எஞ்சினைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு நிறுத்துங்கள். மூடிய கராஜுக்குள் ஓடவிட்டால் காபனோரொட்சைட்டு உயிரைக் குடிக்கும். குழாய் இளஞ்சூடாக இருக்கும்போது தடித்த கையுறையோடு வேலையைத் தொடங்குங்கள்.

பெரும்பாலான சென்சர்களுக்கு 22 மில்லிமீற்றர் ஸ்பானர் பொருந்தும். சில டொயோட்டாக்களில் சென்சர் இரண்டு நட்டில் நிற்கும். அவற்றுக்கும் முதலில் ஒயில்தான். வயர் பிளக்கைக் கழற்றிவிட்டு, பக்கம் வெட்டிய சென்சர் சொக்கெட்டைப் போடுங்கள். அது வழுக்கினால், எறியப்போகும் சென்சர் என்பதால் வயரை வெட்டிவிட்டு ரிங் ஸ்பானரைப் போடலாம். முதலில் மிகச் சிறிதளவு இறுக்கும் பக்கம் அசைத்து, பிறகு இளக்குங்கள். கால் சுற்று வந்து மறுபடி இறுகினால் திரும்ப உள்ளே விட்டு, ஒயில் அடித்து, மீண்டும் வெளியே எடுங்கள். ஒரே மூச்சில் இழுத்தால் புரியும் சேர்ந்து வரும்.

அப்படியும் அசையாவிட்டால் வீட்டில் நிறுத்திக்கொள்ளுங்கள். அடுத்த வழி காஸ் டோர்ச். சென்சரை அல்ல, அதைச் சுற்றியுள்ள உலோகத்தைச் சூடாக்க வேண்டும். பெற்றோல் குழாயும் வயர்களும் பக்கத்தில் இருக்கும். அடித்த ஒயிலையும் முன்பே துடைத்தெடுக்க வேண்டும். ஆகவே இது அனுபவமுள்ள கராஜின் வேலை.

கழன்ற பிறகு புரியைப் பாருங்கள். சிறிய சேதமென்றால் 18 மில்லிமீற்றர், 1.5 புரி டெப்பால் சுத்தமாக்கலாம். முற்றாகப் போயிருந்தாலும் பல வேளை மெனிபோல்ட்டை மாற்றத் தேவையில்லை. புதிய புரி வளையம் ஒன்றை வெல்டிங் செய்யலாம்.

புதிய சென்சரின் புரியில் பெரும்பாலும் கம்பனியே ஒட்டாத பசை பூசியிருக்கும். இல்லையென்றால் சென்சருக்கென்று உள்ளதைப் புரியில் மட்டும் பூசுங்கள், நுனியில் படக்கூடாது. சிலிக்கோன் பசை சென்சரைக் கெடுக்கும். முதலில் கையாலேயே சுற்றி ஏற்றி, கடைசியில் மட்டும் ஸ்பானரால் இறுக்குங்கள். அடுத்த தடவை கழற்றுபவருக்கு இவ்வளவு பாடு இருக்காது.